ரிச்சி தெருவில் ஒரு விலைப் பலகை

அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையில், ரிச்சி தெரு என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடும் சந்துகளில், மீரான் சாகிப் தெருப் பக்கம் திரும்பினால் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் எட்டடி அகலத்தில் ஒரு கணினி உதிரிபாகக் கடை இருக்கிறது. என் கல்லூரியின் பொருளாதாரத் துறைக் கணினி அறைக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக நான் பொருள் வாங்கும் கடை இதுதான். பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். எழுதினால் ஆன்லைன் விலையைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்பது அவருடைய அச்சம். வருகிறவர்கள் எல்லோரும் அவரை பாய் என்றே அழைப்பதால் இங்கேயும் அவர் பாய்தான்.

கடையில் கண்ணுக்கு விருந்து ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சில மதர்போர்டுகள், பின்பக்கம் சால்டரிங் புகை படிந்த ஒரு ரிப்பேர் மேசை, இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய இடம், அவ்வளவுதான். கல்லாவுக்கு மேலே மட்டும் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. காலையில் கடை திறந்ததும் பாயின் மகன் அதில் ரேம் என்னும் கணினி நினைவகம், தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் அன்றைய விலையையும், வலது மூலையில் அன்றைய டாலர் மதிப்பையும் மார்க்கரால் எழுதிவிடுவார். அந்த விலை 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த விலை. பேரம் கிடையாது, எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பதும் கிடையாது. பில் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டு இரண்டு விலை சொல்லும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே பில் இல்லாமல் ஒரு கேபிள்கூட வெளியே போவதில்லை. தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய எனக்கு, இத்தனை காலம் இங்கேயே வந்துகொண்டிருக்க இது ஒன்றே போதும்.

மாணவர்களைச் சில ஆண்டுகளாக இங்கே அழைத்துவருவதற்குக் காரணம் வேறு. நாடுகளின் பொருளாதார ஏற்றமும் மந்தமும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்ற பாடத்தை வகுப்பறையில் நடத்தினால் கொட்டாவி விடுபவர்கள், இந்தப் பலகைக்கு முன்னால் நின்றால் கேள்வி கேட்கிறார்கள்.

2025 ஜூன் மாதத்தில் டிடிஆர்5 என்னும் புதிய தலைமுறை ரேமில் 16 ஜிபி பட்டை ஒன்றை நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினேன். டிசம்பரில் அதே நிறுவனத்தின் அதே பொருளுக்குப் பலகையில் இருந்த எண் ஏறக்குறைய மூன்று மடங்கு. விலைக்குப் பக்கத்தில், அதுவரை நான் அங்கே பார்த்திராதபடி, மணியும் குறிக்கப்பட்டிருந்தது. “இது பதினோரு மணி ரேட் சார், சாப்பிட்டுட்டு வந்தீங்கன்னா இதே ரேட் இருக்குமான்னு எனக்கே தெரியாது” என்றார் பாய். சென்னையில் யாரும் திடீரென்று கூடுதலாகக் கணினி வாங்கத் தொடங்கிவிடவில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களைப் போட்டி போட்டுக்கொண்டு கட்டுகின்றன. அவற்றுக்கு வேண்டிய எச்பிஎம் என்னும் அடுக்கு நினைவகம், ஒரே கொள்ளளவுக்குச் சாதாரண டிடிஆர்5-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது. இந்த ரேம்களில் இருக்கும் நினைவகச் சில்லான டிரேமின் உலக உற்பத்தியில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருப்பவை தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். இந்த மூன்றும் லாபம் கூடுதலாக வரும் பக்கம் தகடுகளைத் திருப்பியதும், நம் கணினிக்குள் செருகும் பச்சைப் பட்டைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான் தன்னுடைய குரூசியல் என்ற சில்லறை வணிகத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது; அதே வாரத்தில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. பலகையில் இரண்டு எண்களையும் அழித்தெழுதியதில் மார்க்கர் தீர்ந்துபோனதாகப் பாயின் மகன் சொன்னது வேடிக்கைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இடையில் இந்த விலையைத் தடுத்து நிறுத்த எந்தச் சுவரும் இல்லை. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா மறு ஆண்டே சேர்ந்தது; 2005-க்குள் கணினிப் பாகங்களுக்கான சுங்க வரி படிப்படியாகப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. பர்மா பஜாரில் வெளிநாட்டுக் கால்குலேட்டரைச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு வாங்கிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, சியோலில் முடிவாகும் விலை சில நாட்களுக்குள் சிந்தாதிரிப்பேட்டைப் பலகைக்கு வந்துவிடுவது இன்னும் முழுதாகப் பழகவில்லை.

வணிகம் பெருகினால் நாடுகளின் ஏற்ற மந்தச் சுழற்சிகள் நெருங்குமா, விலகுமா என்பது பொருளாதார அறிஞர்களிடையே பழைய வழக்கு. ஒவ்வொரு நாடும் தனக்கு நன்றாக வரும் தொழிலில் மட்டும் தேர்ச்சி பெற்றுக்கொண்டே போனால், ஒரு தொழிலுக்கு வரும் அடி ஒரு நாட்டை மட்டும் தாக்கும், ஆகவே சுழற்சிகள் விலகும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. 1998-இல் ஜெஃப்ரி ஃபிராங்கெலும் ஆண்ட்ரூ ரோஸும் இருபது தொழில்வள நாடுகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, தமக்குள் நெருக்கமாக வணிகம் செய்யும் நாடுகளின் சுழற்சிகள் கூடுதலாக ஒத்துப்போகின்றன என்று காட்டினார்கள். இதில் எந்த வகை வணிகம் என்பதுதான் முக்கியம். நாம் அரிசி கொடுத்துப் பாமாயில் வாங்கினால் இரண்டு நாடுகளுக்கும் இடையில் உள்ள பிணைப்பு தளர்ந்த முடிச்சுதான். அங்கே விளைச்சல் குறைந்தால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். சில்லு அப்படியல்ல. நெதர்லாந்தில் செய்த எந்திரமும் ஜப்பானிய ரசாயனமும் தைவானிலோ கொரியாவிலோ உள்ள ஆலையில் கூடி, அங்கிருந்து மலேசியாவுக்கோ சீனாவுக்கோ போய் உறை போட்டுச் சோதிக்கப்பட்டு, இன்னொரு நாட்டில் பலகையில் ஒட்டப்பட்டு, இறுதியில் எங்கோ ஒருவர் வாங்கும் கணினியாக ஆகிறது. கடைசியில் வாங்குபவர் கையை இறுக்கிக்கொண்டால் இந்த வரிசையில் உள்ள அத்தனை நாடுகளின் ஏற்றுமதியும் ஒரே காலத்தில் சரிகிறது. நடுவில் ஒரு ஆலை நின்றுபோனால் முன்னால் இருப்பவருக்குப் பொருள் இல்லை, பின்னால் இருப்பவருக்கு ஆர்டர் இல்லை.

இப்படி நடுவில் ஆலை நின்றுபோனதில் பாயிடம் சொந்த அனுபவம் இருக்கிறது. 2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா மாகாணத்தில் தொழிற்பேட்டைகள் வெள்ளத்தில் மூழ்கின. ஹார்டு டிஸ்க் உற்பத்தியில் அப்போது சீனாவுக்கு அடுத்த நிலையில் இருந்த நாடு அது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் ஆலைக்குள் தண்ணீர் நின்றது. டிஸ்க்கைச் சுழற்றும் சின்ன மோட்டார்களைச் செய்யும் ஆலைகளும் நனைந்ததால், வெள்ளம் புகாத ஆலைகளும் தடுமாறின. தீபாவளிக்குள் இங்கே ஹார்டு டிஸ்க் விலை இரட்டிப்பைத் தொட்டது. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் தன் கடையை மட்டும் பற்றிக் கவலைப்பட்டவர், பாங்காக்கில் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று நாள்தோறும் செய்தி பார்த்தாராம்.

கோயம்பேட்டில் தக்காளி விலை ஏன் ஒரு மாதம் நூறுக்கும் அடுத்த பருவத்தில் பத்துக்கும் போகிறது என்பது தெரிந்தவருக்கு, ரேம் விலை ஏன் இப்படி ஆடுகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. விலை ஏறும்போது எல்லோரும் நடுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. தக்காளிக்கு இரண்டு, மூன்று மாதம். சில்லு ஆலைக்கோ இரண்டு, மூன்று ஆண்டு, பல்லாயிரம் கோடி முதல். கட்டி முடித்த ஆலையைப் பாதி இயக்குவதும் நட்டம்தான் என்பதால் விலை விழும்போதும் உற்பத்தியை உடனே குறைக்க மனம் வராது. 2023-இன் முதல் காலாண்டில் சாம்சங்கின் சில்லுப் பிரிவு 4.58 லட்சம் கோடி வொன் (கொரிய நாணயம்) நட்டம் கண்டது. அந்த ஏப்ரலில்தான் உற்பத்தியைக் குறைப்பதாக அது வெளிப்படையாகச் சொன்னது. அந்தக் கோடையில் ரேம் கொள்ளை மலிவு. நான் கணினி அறைக்கு முழுவதும் புது ரேம் போட்டது அப்போதுதான், அதுவும் பாய் “இப்ப வாங்கிடுங்க சார், இதுக்குக் கீழ போனா கம்பெனிக்காரன் கடையை மூடிடுவான்” என்று சொன்னதால். இந்த அறிவுரையால் அவருக்கு வியாபாரம் நடந்தது என்பதும் உண்மை, துறைக்கு இன்றைய விலையில் பெரிய தொகை மிஞ்சியது என்பதும் உண்மை.

இந்த நிதானம் அவருக்குச் சும்மா வரவில்லை. 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இணைய நிறுவனங்களின் பங்குகள் வானத்தில் பறந்த காலத்தில், கைக்கு வந்த பணத்தையெல்லாம் போட்டு 128 எம்பி ரேம்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார். மறு ஆண்டு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். உலகச் சில்லு விற்பனை ஏறக்குறைய 20,400 கோடி டாலரிலிருந்து 13,900 கோடி டாலருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, ஒரே ஆண்டில் சரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரிவு தொடங்கிய அமெரிக்காவின் பொருளாதாரம் 2001-ஐ ஆண்டு முழுவதற்குமாகப் பார்த்தால் சுருங்கவில்லை, சற்றே வளர்ந்தது. ஆனால் அந்த நாட்டுக்கு மின்னணுப் பொருள்களை விற்றுப் பிழைத்த தைவானும் சிங்கப்பூரும் சுருங்கின. இந்தியா அப்போது அந்தச் சங்கிலியில் சரக்கு வாங்கும் முனையில் மட்டும் நின்றதால் மொத்தப் பொருளாதாரம் பெரிதாக அசையவில்லை. ரிச்சி தெருவில் அசைந்தவர்கள் கையிருப்பு வைத்திருந்தவர்கள்தான். வாரத்துக்கு வாரம் விலை இறங்க இறங்க, பாய் தன் பெட்டிகளை வாங்கிய விலையில் ஒரு சிறு பங்குக்குத் தள்ளிவிட்டார். வீட்டு நகை அடகுக்குப் போனது. அதிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் ரேம் கையிருப்பு வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவினால்தான் 2025 டிசம்பரில், பக்கத்துக் கடைக்காரர்கள் பழைய சரக்கைப் புது விலைக்கு விற்றுக் காசு பார்த்தபோது, இவருடைய அலமாரி காலியாக இருந்தது. வருத்தமா என்று கேட்டேன். தேநீர் வந்துவிட்டதால் பதில் வரவில்லை.

கையிருப்பைப் பற்றி நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-இல், பெருந்தொற்றில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் கணினியைக் கணக்குப் போடவிட்டுக் கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்களும் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது, துறைக்கு ஒரே ஒரு கார்டு வேண்டிய நான் மூன்று கடைகளில் சொல்லிவைத்தேன். எது முதலில் வருகிறதோ அதை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் ரத்து செய்யும் எண்ணம். ஒவ்வொரு கடையும் தன் பங்குக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் கூட்டிச் சொல்லியிருக்கும்; டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனியிடம் இன்னும் கூட்டியிருப்பார்; ஒரு கார்டுக்கான தேவை, தைவான் ஆலைக்குப் போய்ச் சேரும்போது ஐந்தாக வீங்கியிருக்கும். ஆலை அந்த ஐந்தை நம்பி எந்திரம் வாங்கும், எந்திரம் செய்யும் நாட்டில் ஆள் எடுப்பார்கள். பிறகு நான் இரண்டை ரத்து செய்வேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ வலையமைப்பு தன் வழிமுறையை மாற்றியதும் நாணயம் தோண்டுபவர்களுக்குக் கார்டு தேவைப்படாமல் போய், பயன்படுத்திய கார்டுகள் இந்தத் தெருவில் நடைபாதைக்கு வந்தன. உயர்தொழில்நுட்பப் பொருள்களில் வீக்கமும் வற்றலும் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் கடைசியில் வாங்குபவர்களின் தேவை மட்டும் காரணமல்ல, வழியில் உள்ள ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக் கையிருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் பெரிய காரணம் என்பதை நான் வகுப்பில் நடத்தும்போது, என் மூன்று ஆர்டர்களையும் உதாரணமாகச் சொல்லிவிடுகிறேன்.

பாயின் மகன் பி.காம் படித்தவர், தென்கொரியா ஒவ்வொரு மாதமும் முதல் இருபது நாட்களின் ஏற்றுமதிக் கணக்கை 21-ஆம் தேதி வாக்கில் வெளியிடுவதை அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். 2018-இல் ஏறக்குறைய 12,670 கோடி டாலராக இருந்த கொரியச் சில்லு ஏற்றுமதி 2019-இல் 9,390 கோடி டாலராக விழுந்ததை அந்த இருபது நாள் கணக்கு மாதம் மாதம் காட்டிக்கொண்டே வந்தது. உலக வணிகத்தின் நாடியைப் பார்க்க முதலீட்டாளர்கள் பயன்படுத்தும் அதே கணக்கை வைத்து, இந்த மாதம் எஸ்எஸ்டி எத்தனை வாங்கிப் போடலாம் என்று முடிவு செய்யும் இளைஞர் இந்தத் தெருவில் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை. அவருடைய கணிப்பு எப்போதும் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்தால் அவர்கள் இன்னும் மாடிப்படிக்கு அடியில் இருக்க மாட்டார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். உலகில் விலை ஏறினால் பலகையில் அன்றே ஏறுகிறது. இறங்கினால் பலகைக்கு வந்து சேர இரண்டு, மூன்று வாரம் ஆகிறது. வாங்கிய விலைக்குக் கீழே எப்படி விற்பது என்கிறார் பாய். ஒரு வாரத்துக்கு மேல் சரக்கே வைப்பதில்லை என்று சொல்பவரின் வாயிலிருந்து இந்தப் பதில் வருவதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அவருக்கு மேலே உள்ள டிஸ்ட்ரிபியூட்டர்தான் மெதுவாக இறக்குகிறார் என்பது அந்தப் பாதி. ஆகவே சந்தை சரியும் காலங்களில் ஆன்லைனில் வாங்குவதே மலிவு. ஏறும் காலங்களில், ஆன்லைன் கடைக்காரர்கள் ஆர்டரை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து அவர்களே ரத்து செய்த அனுபவம் எனக்கு உண்டு, இங்கே கையில் கொடுத்துவிடுகிறார்கள். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை. உட்கார நாற்காலி கிடையாது. வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குப் பதிலாக அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஏமாற வேண்டாம்.

ரிப்பேர் மேசையில் உட்காரும் இளைஞர் முன்பு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவர். 2006-இல் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரி வழக்கும், நோக்கியா தன் சந்தையை இழந்ததும் சேர்ந்து அதை மூடின என்பதால் அதை உலகச் சுழற்சியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூர் இப்போது வேறு அளவில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2023-24-இல் 956 கோடி டாலர், 2024-25-இல் 1,465 கோடி டாலர். அதன் பக்கத்தில் வல்லம் வடகாலில் கைப்பேசி ஆலையின் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2001-இல் வாங்கும் முனையில் மட்டும் நின்ற இந்த ஊர், இப்போது செய்து அனுப்பும் முனையிலும் நிற்கிறது. அமெரிக்காவில் இரண்டு காலாண்டு கைப்பேசி விற்பனை படுத்தால் அது ரிச்சி தெருவில் விலைக்குறைப்பாக வந்து மகிழ்ச்சி தருவதோடு நிற்காது, வல்லத்தில் ஓவர்டைமைக் குறைக்கும், விடுதியில் அறைகளைக் காலியாக்கும். 2021-இல் அதன் சாயலைப் பார்த்துவிட்டோம்: பெருந்தொற்றின் தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் ரத்து செய்த சில்லுகளின் இடத்தை மடிக்கணினிச் சில்லுகள் பிடித்துக்கொண்டதால், கார் கேட்டு ஆட்கள் காத்திருந்தபோதும் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. மேசைக்காரருக்கு இதை நான் விளக்கியபோது, அவர் ஒரு மதர்போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அதனால்தான் தான் திரும்பக் கம்பெனி வேலைக்குப் போகவில்லை என்றார்.

சேவையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 2025 நவம்பர் மாதத்தில் துறைக் கணினி ஒன்றில் இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய ரேம் பழுதாகிவிட்டது. ஆயுட்கால வாரண்டி உள்ள பொருள். பாய் வாங்கி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, மாற்றுப் பொருள் கையிருப்பில் இல்லை, பழைய பில்லில் உள்ள தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து தகவல் வந்தது; மலிந்த ஆண்டின் விலையை விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்கிக்கொண்டால் அந்தப் பணத்தில் பாதி ரேம்கூட வராது. நான் சம்மதித்திருப்பேன், எத்தனை முறை அலைவது. பாய் என்னைக் கேட்காமலே முடியாது என்று சொல்லிவிட்டு, வாரண்டி என்றால் பொருளுக்குப் பொருள்தான் என்று வாரத்துக்கு இரண்டு முறை அவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முந்தைய வாரம் புது ரேம் வந்துசேர்ந்தது. கூரியர் செலவுக்கு நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டார், அதற்கும் பில் கொடுத்தார்.